வெட்ட வேண்டாம், கழற்றுங்கள்: தாத்தாவின் ஹெரால்டுக்குக் கையால் பார்ட் செய்வது பற்றி

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "தாத்தா ஓட்டிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் இருபது வருஷமாக ஊரில் தொழுவத்தில் கிடக்கிறது. முன்பக்கத் தகரம் பாதி துருப்பிடித்துவிட்டது. அதை வீட்டிலேயே வைத்து, எடையைக் குறைத்து வேகத்துக்காக மாற்றுகிற ஹாட் ராட் மாதிரி ஆக்க ஆசை. கிரில், டாஷ்போர்டு, எக்ஸாஸ்ட், கியர் நாப் எல்லாம் கையாலேயே செய்ய முடியுமா? திருநெல்வேலியில் ஆள் இருக்கிறார்களா, கோயம்புத்தூருக்குத்தான் போகவேண்டுமா?"

முடியும் தம்பி. முக்கால்வாசி வேலையை இங்கேயே முடிக்கலாம். திருநெல்வேலி பேட்டைப் பக்கம் முப்பது வருஷமாக லேத்தும் டிங்கரிங்கும் பார்த்து வருகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். ஆனால் கிரைண்டரைக் கையில் எடுக்கும் முன்னால் உங்கள் வண்டி எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ளுங்கள். எந்தப் பார்ட்டை எப்படிச் செய்வது என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஹாட் ராட் பிறந்தது அமெரிக்காவின் கலிபோர்னியாவில், 1930களில். பையன்கள் பழைய ஃபோர்டுகளை மலிவாக வாங்கி, மட்கார்டு, பானெட் மூடி என்று எடை உள்ளதையெல்லாம் கழற்றிவிட்டு, வறண்ட ஏரிப் படுகைகளில் ஓட்டிப் பார்த்தார்கள். 1932இல் ஃபோர்டு விட்ட வி8 எஞ்சின் 65 குதிரைத்திறன் கொண்டது. சாதாரண ஆள் வாங்கக்கூடிய விலையில் வந்த அந்த எஞ்சின்தான் அவர்களுக்குக் கிடைத்த வரம். வேகத்துக்கான பார்ட்டைக் கடையில் வாங்கும் வசதி அப்போது பெரிதாக இல்லை. வேண்டியதை அவர்களே அடித்தார்கள், வளைத்தார்கள், வார்த்தார்கள். அதனால் கையால் பார்ட் செய்வது ஹாட் ராடுக்கு மேல்பூச்சு வேலை இல்லை. அந்த வண்டியே அப்படித்தான் உருவானது.

இப்போது உங்கள் ஹெரால்டுக்கு வருவோம். இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் 1959இல் கொண்டுவந்த கார் அது. வடிவம் கொடுத்தவர் இத்தாலிக்காரர் மிக்கலோட்டி. இங்கே சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1961 முதல் செய்தது. அம்பாசடர், ஃபியட் மாதிரி பாடியும் சட்டமும் ஒன்றாகவே செய்த வண்டி இல்லை இது. அடியில் தனியாகச் சேஸிஸ், மேலே பாடி. அந்தப் பாடியும் ஒரே கூடு கிடையாது. முன்பக்கம், நடுப்பகுதி, பின்பக்கம், கூரை என்று துண்டு துண்டாக போல்ட்டு போட்டு இணைத்தது. வெளிநாடுகளுக்குத் துண்டாக அனுப்பி அங்கே பூட்டிக்கொள்ள வசதியாக அப்படி வடிவமைத்தார்கள். முன் மட்கார்டுகளும் பானெட்டும் ஒன்றாகவே முன்னால் கவிழ்ந்து திறக்கும், அதைப் பார்த்திருப்பீர்கள்.

இது உங்கள் அதிர்ஷ்டம். வேறு காரை ஹாட் ராட் ஆக்க வேண்டுமென்றால் கட்டரை வைத்து அறுக்க வேண்டும். ஹெரால்டில் ஸ்பேனரே போதும். என் பேச்சின் சாரமும் இதுதான்: அந்த வண்டியில் எதையும் வெட்டாதீர்கள். கழற்றிய இடத்தில், அதே போல்ட்டு ஓட்டைகளில், நீங்கள் கையால் செய்த பார்ட்டை மாட்டுங்கள். பழையதைத் துருவெடுத்து, எண்ணெய் தடவி, துணி சுற்றிப் பரணில் ஏற்றுங்கள்.

இதற்குச் சட்டக் காரணமும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக, ஆர்.சி.யில் இருப்பது வேறு வண்டி வேறு என்று ஆகும்படி மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. இன்னொன்று, 50 வருஷம் தாண்டிய வண்டிகளை விண்டேஜ் என்று தனியாகப் பதிவு செய்ய 2021இல் விதி வந்தது. சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்யாமல் மூல வடிவில் இருந்தால்தான் அந்தப் பதிவு கிடைக்கும். உங்கள் தாத்தா வண்டிக்கு அந்த வயது ஆகிவிட்டது. ஒரு கட்டர் வெட்டில் அந்த வாய்ப்பைத் தொலைக்காதீர்கள். பழைய முன்பக்கத்தை மாட்டினால் ரோட்டு வண்டி. நீங்கள் செய்ததை மாட்டினால் சொந்தத் தோட்டத்திலும், லாரியில் ஏற்றிக்கொண்டுபோய் கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வே மாதிரி டிராக்கிலும் ஓட்டலாம்.

கையால் செய்யக்கூடாதவற்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரேக், ஸ்டியரிங், சஸ்பென்ஷன். இந்த மூன்றிலும் வெல்டிங் ராடு படவே கூடாது. ஸ்டியரிங் ராடை நீளம் போதவில்லை என்று ஒட்டுப்போட்டு ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், வயிறு கலங்கும். ஹெரால்டின் பின்சக்கரம் ஸ்விங் ஆக்ஸில் வகை, ஒவ்வொரு பக்க ஆக்ஸிலும் நடுவிலிருந்து தனித்தனியாக மேலும் கீழும் ஆடும். வளைவில் வேகமாகப் போய், பயந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தால் வெளிப்பக்கச் சக்கரம் உள்நோக்கி மடங்கி வண்டி சுழன்றுவிடும். அதனால் பெரிய எஞ்சினைத் திணிக்கும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். இருக்கிற 948 சி.சி. எஞ்சினைச் சுத்தமாக ரீபோர் செய்து, அதாவது தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து சரிசெய்து, எடையைக் குறைத்தாலே வண்டி துள்ளும்.

சரி, வேலைக்கு வருவோம். எந்தப் பார்ட்டாக இருந்தாலும் முதலில் அட்டையில் செய்யுங்கள். சேலைப் பெட்டி அட்டை, காலண்டர் அட்டை எதுவானாலும் சரி. அட்டையை வண்டியில் வைத்துப் பார்த்து, வெட்டி, ஒட்டி, திரும்ப வெட்டி, எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் கண்ணுக்குச் சரி என்று படும் வரை தகரத்தைத் தொடாதீர்கள். என்னிடம் வேலை பழக வந்த பையன்களில் பாதிப்பேர் அட்டை வெட்டச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். அட்டையில் ஒரு மணி நேரம் செலவிட்டால் தகரத்தில் ஒரு நாள் மிச்சமாகும் என்பது அவர்களுக்கே பின்னால் தெரியும். மடிப்பு வருகிற இடத்தில் தகரத்தின் கனத்துக்கு இடம் விட்டுக் குறிக்கவும். அட்டை மடிப்பில் அமுங்கிக்கொடுக்கும், தகரம் கொடுக்காது.

கிரில்லின் வெளிக்கூட்டைச் செய்ய 20 கேஜ் சி.ஆர். ஷீட், அதாவது பூச்சில்லாத இரும்புத் தகரம் போதும், ஏறக்குறைய 0.9 மில்லி. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. ஷீட் வாங்காதீர்கள். அதில் வெல்டிங் வைத்தால் துத்தநாகம் வெள்ளைப் புகையாக எழும். அதை மூச்சில் இழுத்தால் அன்று ராத்திரியே குளிரும் காய்ச்சலும் வரும்.

வளைந்த விளிம்பைக் கையால் கொண்டுவர, வீட்டில் செய்யக்கூடிய நல்ல வழி மரக்கட்டை அச்சுதான். உங்கள் அட்டை வடிவத்தில் ஒரு இன்ச் கனமுள்ள தேக்கோ வாகையோ இரண்டு பலகை அறுத்துக்கொள்ளுங்கள். கீழ்ப்பலகையின் விளிம்பை அரத்தால் உருட்டிவிடுங்கள், எவ்வளவு உருட்டுகிறீர்களோ அவ்வளவுதான் தகரத்திலும் உருளும். தகரத்தைச் சுற்றிலும் 15 மில்லி அதிகம் விட்டு வெட்டி, இரண்டு பலகைக்கும் நடுவே வைத்து, சி கிளாம்பு போட்டு இறுக்குங்கள். பிறகு புளியங்கட்டைச் சுத்தியலால் வெளியே நிற்கும் விளிம்பைத் தட்டி மடக்குங்கள். இங்கேதான் பொறுமை வேண்டும். ஒரே இடத்தில் நின்று முழுதும் மடக்கினால் பக்கத்தில் சுருக்கம் விழும். சுற்றி ஒரு தடவை லேசாக, இன்னொரு சுற்று பாதி அளவு, கடைசிச் சுற்றில் முழுதாக. கோயிலைப் பிரதட்சணம் வருகிற மாதிரி சுற்றிச் சுற்றி வரவேண்டும்.

வெளிமூலைகளில் தகரம் மிஞ்சும், அதைச் சுருக்க வேண்டும். உள்மூலைகளில் போதாது, அங்கே நீட்ட வேண்டும். சுருக்கம் மடிந்துவிட்டால் மேலே அடித்து அமுக்காதீர்கள், அந்த மடிப்பில் விரிசல் விழும். கேஸ் டார்ச்சால் ஒரு ரூபாய் அளவு இடத்தை மட்டும் சிவக்கச் சூடாக்கி, பின்னால் டாலி என்கிற இரும்புத் தாங்கு கட்டையைக் கொடுத்து, சிவந்த இடத்தைச் சுற்றி உள்நோக்கித் தட்டி, உடனே ஈரத்துணியால் ஒற்றுங்கள். சூடான இடம் விரிய முயலும், சுற்றியுள்ள குளிர்ந்த தகரம் அதை விடாது, அதனால் அந்த இடம் தடித்துச் சுருங்கும். மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டாவைச் சூடாக்கி ஏற்றி, தண்ணீர் ஊற்றி இறுக்குவார்களே, சூட்டில் விரிந்து குளிரில் சுருங்கும் அதே குணத்தைத்தான் இங்கேயும் பயன்படுத்துகிறோம். ஊரில் வண்டிப்பட்டறை ஆசாரி வயதானவர் யாராவது இருந்தால் ஒரு நாள் பக்கத்தில் போய் உட்காருங்கள். தகரத்தையும் இரும்பையும் பற்றி எந்தப் பயிற்சியிலும் கிடைக்காதது அவர் கையைப் பார்த்தால் கிடைக்கும்.

அலுமினியத்தில் செய்ய ஆசைப்பட்டால் 1.5 மில்லி, மிருதுவான ரகமாகக் கேட்டு வாங்குங்கள். அடிக்க அடிக்க அது இறுகி வெடிக்கும், அதனால் நடுநடுவே சூடாக்கி இளக்க வேண்டும். இரும்பு சிவந்து காட்டும். அலுமினியம் காட்டாது, நிறம் மாறாமல் இருந்து 660 டிகிரியில் திடீரென்று உருகி விழும். அதனால் துணி சோப்பை எடுத்து அதன்மேல் கோடு கிழியுங்கள். தீயைத் தள்ளி வைத்து மெதுவாக ஓட்டுங்கள். சோப்புக் கோடு பழுப்பாகிக் கறுத்ததும் தீயை எடுத்துவிடலாம், அந்தச் சூடு போதும். ஆறவிட்டால் தகரம் பப்படத்துக்குப் பிசைந்த மாவு மாதிரி கைக்கு வரும்.

வெல்டிங் பற்றி ஒரு உள்ளூர் விஷயம். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று நம் பக்கம் எப்படி வீசும் என்று சொல்ல வேண்டியதில்லை, கயத்தாறில் காற்றாலை சுற்றுவதே அதனால்தான். மிக் வெல்டிங்கில் ஒட்டைக் காக்க ஒரு வாயு ஊதிக்கொண்டே இருக்கும். திறந்த தொழுவத்தில் அந்த மாதங்களில் அதை வைத்தால் காப்பு வாயுவைக் காற்று அடித்துக்கொண்டு போய்விடும். ஒட்டு முழுக்கப் பொத்தல் பொத்தலாக, கடற்பஞ்சு மாதிரி வரும். மிஷினைக் குறை சொல்லி ரிப்பேருக்குக் கொண்டுபோகிறவர்கள் உண்டு. நாலு பக்கமும் தார்ப்பாய் கட்டுங்கள், அல்லது விடிகாலையில் வையுங்கள். தகரத்தில் நீளமாக ஒரே இழுப்பாக ஒட்டாமல் இங்கொரு புள்ளி, அங்கொரு புள்ளி என்று தள்ளித் தள்ளி டேக் வைத்து, நடுவில் ஆறவிட்டு முடியுங்கள். இல்லையென்றால் தகரம் அலையாக நெளியும்.

அடுத்தது எக்ஸாஸ்ட். பழைய கேஸ்கெட்டை 10 மில்லி பிளேட்டின்மேல் வைத்துக் குறித்து, பைப்பை எஞ்சினில் பூட்டும் தட்டையான ஃபிளாஞ்சை வெட்டுங்கள். உங்கள் எஞ்சின் சிறியது, ஒன்றே கால் முதல் ஒன்றரை இன்ச் விட்டமுள்ள பைப்பே போதும். பெரிய பைப் போட்டால் சத்தம் வரும், இழுவை வராது. பைப் கனம் 1.6 மில்லி. வளைவுக்கு ரெடிமேட் பெண்டு கிடைக்கிறது, ஆனாலும் உங்களுக்கு வேண்டிய கோணம் பெரும்பாலும் அதில் வராது. பழைய முறை மணல் முறை. ஒரு முனையை மரக்கட்டையால் அடைத்து, மெல்லிய மணலை ஊற்றி, பைப்பைத் தட்டித் தட்டி இறுக நிரப்பி, மறுமுனையையும் அடைத்து, வளைக்கும் இடத்தைச் செக்கச் சிவக்கச் சூடாக்கி இழுத்தால், பைப் நசுங்காமல் வளையும். வளைவின் ஆரம் பைப் விட்டத்தைப் போல மூன்று மடங்குக்குக் குறையாமல் இருக்கட்டும்.

அந்த மணலில் ஒரு பொட்டு ஈரம் இருக்கக்கூடாது. இருபது வயதில், மழை விட்ட மறுநாள், வெயிலில் காய்ந்ததாகத் தோன்றிய மணலை நம்பி நிரப்பினேன். பைப் சிவந்த நேரம் உள்ளே இருந்த ஈரம் நீராவியாகி, அடைத்த கட்டை துப்பாக்கிக் குண்டு மாதிரி பறந்து கூரை ஓட்டைப் பிளந்துகொண்டு போனது. என் முகத்துக்கும் அதற்கும் ஒரு சாண்தான் இடைவெளி. அன்றிலிருந்து கடலை வறுக்கிறவர் மணலை வறுப்பதைப்போல இரும்புச் சட்டியில் போட்டு, கையில் எடுத்தால் சுடச்சுட உதிரும் வரை வறுத்துத்தான் நிரப்புகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள், பைப் முனைக்கு நேராக யாரும் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபிளாஞ்சில் பைப்பை ஒட்டும்போது அதை ஒரு கனமான பிளேட்டில் போல்ட்டுப் போட்டு இறுக்கி வையுங்கள், இல்லாவிட்டால் வாழைப்பழம் மாதிரி வளையும். எவ்வளவு இறுக்கினாலும் கொஞ்சம் வளையத்தான் செய்யும். ஒட்டி ஆறியபின் சர்ஃபேஸ் கிரைண்டிங்கில் ஒரு முறை முகத்தைச் சமமாகத் தேய்த்துவிட்டால் கேஸ்கெட் வழியாகப் புகை கசியாது.

லேத் வேலைக்குப் பேட்டையிலும் தச்சநல்லூரிலும் பட்டறைகள் இருக்கின்றன. நல்ல கை உள்ளவர்கள்தான். ஆனால் அவர்களிடம் கொடுக்கும் முன் மரை பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். ஹெரால்டு ஆங்கிலேய வண்டி, பெரும்பாலும் இன்ச் அளவிலான நெருக்கமான யு.என்.எஃப். மரை. இப்போது கடையில் கிடைப்பது மெட்ரிக். ஐந்து பதினாறு இன்ச் போல்ட்டின் விட்டம் 7.94 மில்லி, எம்8 போல்ட்டு 8 மில்லி. கண்ணால் பார்த்து வித்தியாசம் சொல்ல முடியாது. தலையும் அரை இன்ச், அதாவது 12.7 மில்லி, நம் 13ஆம் நம்பர் ஸ்பேனரே ஏறிவிடும். அதனால் எல்லாரும் இது எம்8தான் என்று நினைத்துவிடுகிறார்கள். மரையோ அதில் இன்ச்சுக்கு 24, அதாவது இழைக்கு இழை 1.06 மில்லி. எம்8இல் 1.25. இரண்டு சுற்று ஏறும், அப்புறம் இறுகும். நல்லா பிடிக்குது என்று ஸ்பேனரைப் போட்டு அழுத்தினால் எஞ்சின் பிளாக்கின் மரையே போய்விடும். மரையின் இடைவெளியை அளக்கும் பிட்ச் கேஜ் ஒன்று வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கழற்றும் ஒவ்வொரு போல்ட்டையும் எந்த இடம் என்று எழுதித் தனித்தனி டப்பாவில் போடுங்கள்.

கியர் நாப்புக்கு லேத் பட்டறைக்கே போக வேண்டாம். அம்பாசமுத்திரத்துக்குப் போங்கள். மரச் சொப்பு கடைகிறவர்களிடம் அளவு வரைந்து கொடுத்தால், மரத்தை உருட்டிக் கடைந்து, சுழலும்போதே அரக்குக் கட்டியை அழுத்தி, அந்த உரசல் சூட்டில் நிறம் ஏற்றித் தருவார்கள். சிவப்பும் மஞ்சளும் கலந்த அந்த மினுமினுப்பு எந்த பெயிண்டிலும் வராது. உள்ளே நேராக மரத்தில் மரை போடாதீர்கள், நாள்பட லொடலொடக்கும். லேத்தில் ஒரு பித்தளைப் புஷ் கடைந்து, அதில் மரை வெட்டி, மரத்துக்குள் அரால்டைட் போட்டுப் பதியுங்கள். அரக்கு 70, 80 டிகிரியில் இளகிவிடும். சித்திரை வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்தினால் கையில் பிசுபிசுக்கும், நிழலில் நிறுத்துங்கள்.

டாஷ்போர்டுக்கு 12 மில்லி தேக்கு அழகாக இருக்கும். சின்ன மீட்டர்கள் பொதுவாக 52 மில்லி ஓட்டையில் உட்காரும், வட்ட ஓட்டை அறுக்கும் ஹோல் ஸா ஒன்று வாங்கினால் போதும். கதவு உள்பக்கத்துக்குப் பத்தமடைப் பாயை வெட்டி, ஓரம் துணி மடித்துத் தைத்து ஒட்டலாம். ஒரு ஜீப்புக்கு அப்படிச் செய்து கொடுத்தேன், இன்றும் நன்றாக இருக்கிறது. வெயில் காலத்தில் ரெக்சின் மாதிரி முதுகில் ஒட்டாது.

மீட்டர் வளையம், முன் முகத்து முத்திரை மாதிரியானவற்றைப் பித்தளையில் வார்க்கலாம். வாகைக்குளத்தில் குத்துவிளக்கு வார்க்கிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். மர மாதிரியைக் கொஞ்சம் பெரிதாகச் செய்து கொடுக்கவேண்டும், உலோகம் ஆறும்போது நூற்றுக்கு ஒன்றரை பங்கு சுருங்கும். 200 மில்லி வேண்டுமென்றால் மாதிரி 203 இருக்கட்டும். அலுமினியத்தில் வார்த்தால் பழைய பிஸ்டன்களை உருக்கச் சொல்லுங்கள். அதில் சிலிக்கான் இருப்பதால் அச்சுக்குள் நன்றாக ஓடும். ஜன்னல் சட்டத் துண்டுகள் அப்படி ஓடாது. வீட்டில் நீங்களே உருக்க வேண்டாம். உருகிய உலோகத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் வெடித்துச் சிதறும்.

நீங்கள் செய்த முன்பக்கத்தைச் சேஸிஸில் மாட்டும் பிராக்கெட்டுகளுக்கு 5 மில்லி பட்டை. உள்மூலைகளைக் கூராக விடாமல் துளையிட்டு உருட்டுங்கள், விரிசல் எப்போதும் கூர்மூலையில்தான் தொடங்கும். ஹெரால்டு சேஸிஸ் உள்ளீடற்ற பெட்டி மாதிரி. குறுக்கே போல்ட்டு விட்டு இறுக்கினால் தகரம் உள்ளே குழிந்துவிடும். உள்ளே சரியான நீளத்துக்கு ஒரு பைப் துண்டைக் கொடுத்து, அதற்குள் போல்ட்டு போகும்படி செய்யுங்கள். முடிந்தவரை ஏற்கனவே இருக்கும் ஓட்டைகளையே பயன்படுத்துங்கள்.

பெட்ரோல் டேங்க்கில் ஓட்டை இருந்தால் அதை மட்டும் நீங்கள் தொடவே கூடாது. இருபது வருஷம் காலியாகக் கிடந்தாலும் உள்ளே ஆவி இருக்கும். காலி டேங்க்தான் நிரம்பிய டேங்க்கைவிட அபாயம், ஆவியும் காற்றும் கலந்து வெடிக்க அங்கேதான் இடம் இருக்கிறது. புதிதாக ஒன்று செய்யச் சொல்லுங்கள்.

கோயம்புத்தூருக்கு எதற்குப் போக வேண்டும் என்றால், கிராங்க் கிரைண்டிங்கும் பேலன்சிங்கும் துல்லியமாக வேண்டும் என்றால் போகலாம். மற்றதற்கு வேண்டாம்.

முதல் வேலையாக இந்த மாதம் வண்டியைத் தொழுவத்திலிருந்து வெளியே எடுத்து, எல்லா போல்ட்டுகளிலும் டீசலும் என்ஜின் ஆயிலும் கலந்து விட்டு ஒரு வாரம் ஊறவிடுங்கள். கழற்றும்போது எதிலும் உளி வைக்காதீர்கள். முன்பக்கம் இறங்கியதும் கிரில்லுக்கு அட்டையில் மாடல் செய்து, வண்டியில் வைத்து நாலு பக்கமும் போட்டோ எடுத்து, அந்த அட்டையையும் எடுத்துக்கொண்டு பேட்டைக்கு வாருங்கள் தம்பி. மரக்கட்டை அச்சுக்குப் பலகை என்னிடம் கிடக்கிறது.